200 ரூபாய் ஹோஸ்... 15,000 ரூபாய் ஹெட் வேலை!

விழுப்புரம் – திண்டிவனம் சாலைகளில் ஓடும் பழைய சின்ன கார்கள்: எங்கே பழுதாகின்றன, எவ்வளவு செலவாகிறது, எதைத் தள்ளிப்போடக் கூடாது?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையிலிருந்து ஊர் திரும்பும் கூட்டம் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் தேங்கி நிற்கும்போது இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வரிசையை விட்டு ஒதுங்கி, பானெட்டைத் தூக்கி நிறுத்தியபடி ஒரு சான்ட்ரோ. இல்லையென்றால் ஒரு பழைய ஆல்டோ. பின் சீட்டில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும். தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பார் வீட்டுக்காரர். திண்டிவனம் தாண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் ஜோராக வந்த வண்டி, நின்ற இடத்தில் ஏன் கொதிக்கிறது என்பது அவருக்குப் புரியவே இல்லை.

ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நின்றுவிட்டால் அந்த வேலையை மின்விசிறி செய்தாக வேண்டும். விசிறியின் மோட்டாரோ, ரிலேயோ, ஃபியூஸோ, சூட்டை உணரும் ஸ்விட்ச்சோ பழுதாகியிருந்தால் நூறு கிலோமீட்டர் ஓடினாலும் தெரியாது. பத்து நிமிடம் வரிசையில் நின்றால் தெரிந்துவிடும். அதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டிருக்கும். பதற்றத்தில் உடனே ரேடியேட்டர் மூடியைத் திறப்பதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்திலும் கையிலும் பீய்ச்சியடிக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, அரை மணி நேரமாவது ஆறவிட்ட பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தப் பழைய சின்ன கார்கள் ஆடம்பரத்துக்கு வாங்கியவை இல்லை. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் ஜிப்மருக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ ஓடுவது இவைதான். அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவக்கரை, பெண் பார்க்கச் செஞ்சி, துணி எடுக்கப் பாண்டிச்சேரி என்று ஒரு குடும்பத்தின் எல்லாப் போக்குவரத்தும் இதில் அடங்கிவிடுகிறது. அறுபதாயிரத்துக்கோ, ஒரு லட்சத்துக்கோ வாங்கிய வண்டிக்கு ஒரே தடவையில் இருபதாயிரம் ரூபாய் பில் வந்தால், அந்த மாதச் சீட்டுப் பணமோ பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸோ இடிக்கும். அந்தப் பெரிய பில் எப்படி உருவாகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அதற்கு ஆறு மாதம் முன்பே ஒரு சின்ன பில்லை யாரோ தள்ளிப்போட்டிருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்தச் சின்ன பில்களைப் பற்றியது.

இன்னும் ஓடும் தலைமுறை

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்தார். 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. நடுவில் 1998-ல் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அதே ஆண்டின் இறுதியில் டாடா இண்டிகா, அடுத்து வேகன்-ஆர், 2000-ல் ஆல்டோ. இன்று நம் சாலைகளில் டி.என்-32, டி.என்-16, பி.ஒய்-01 எண்களோடு ஓடும் பழைய சின்ன கார்களில் பெரும்பகுதி இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவை. இவற்றின் பெரிய பலம், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் இவற்றின் வயிறு தெரியும் என்பது. சாமானும் கிடைக்கும். விழுப்புரத்தில் இல்லாதது பாண்டிச்சேரியில் இருக்கும்; அங்கும் இல்லையென்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதியதோ, புதுப்பேட்டையில் கழற்றியதோ அகப்படும்.

ஹீட் ஆனால் என்ன ஆகிறது?

பழைய காரில் வரும் பழுதுகளில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், சூட்டைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் வண்டியை நிறுத்தும். இது இன்ஜினையே தின்றுவிடும்.

ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள் பத்து வருடத்தில் இறுகிப்போகும், இல்லையென்றால் ஊறி உப்பிவிடும். கிளாம்ப் போட்ட இடத்தில் மெல்லிய வெடிப்பு விழும். கையால் அமுக்கிப் பார்த்தால் நொறுநொறு என்று சத்தம் வந்தாலோ, பஞ்சுபோல அமுங்கினாலோ மாற்றிவிட வேண்டும். ஹோஸ் 200 ரூபாயிலிருந்து 500 ரூபாய்க்குள். தெர்மோஸ்டாட் வால்வும் சில நூறு ரூபாய்தான். வெயில் காலத்தில் வண்டி சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அப்படிச் செய்தால் இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும். பெட்ரோல் குடிக்கும், தேய்மானமும் கூடும். கழற்றுவதற்குப் பதில் புதிதாகப் போடுவதே சரி.

அடுத்தது தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்ற ஊற்ற, உள்ளே இருக்கும் நுண்குழாய்களில் சுண்ணாம்பு படிந்து அடைக்கும். பச்சையோ சிவப்போ நிறத்தில் விற்கும் கூலன்ட் வெறும் கலர் தண்ணீர் இல்லை. அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. சரியான அழுத்தம் பிடிக்கும் ரேடியேட்டர் மூடியும் சேர்ந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரியையும் தாண்டித் தாக்குப்பிடிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மூடியின் விலை 150, 200 ரூபாய்.

இவற்றில் எதையாவது விட்டுவிட்டு ஒரே ஒரு தடவை நன்றாகக் கொதிக்க விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பட்டறையில் நின்று பார்க்க வேண்டும். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார்கள். பழைய கேஸ்கட்டின் கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, நேரான எஃகுச் சட்டம் ஒன்றை அதன் முகத்தில் குறுக்காகவும் மூலைவாட்டாகவும் நிறுத்துவார் மெக்கானிக். சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்ப்பார். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்துவிட்டால் பல பெட்ரோல் இன்ஜின்களுக்கு அதுவே எல்லை. தலைமுடியின் கனம்கூட இல்லாத அந்த இடைவெளி வழியாகத்தான் கூலன்ட் சிலிண்டருக்குள்ளும், ஆயிலோடும் போய்ச் சேர்கிறது. அலுமினியத்தில் செய்த ஹெட் சூட்டில் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். நாலா பக்கமும் போல்ட்டில் இறுகியிருப்பதால் விரிய இடமில்லாமல் வளைந்துவிடும். அப்புறம் லேத்துக்கு அனுப்பி முகத்தைச் சீவி எடுக்க வேண்டும். கேஸ்கட், போல்ட், ஆயில், கூலன்ட், வால்வு சீட்டு வேலை, கூலி எல்லாம் சேர்த்து 8,000 முதல் 15,000 ரூபாய் வரை வந்துவிடும். ஹெட்டில் விரிசல் விழுந்திருந்தால் கணக்கு இன்னும் மேலே போகும்.

ஆயில் ஃபில்லர் மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் நுரை படிந்திருந்தாலும், வண்டி சூடான பிறகும் சைலன்ஸரிலிருந்து வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். மேட்டில் ஏறும்போதெல்லாம் நீலப் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங். கருப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. இது பெரும்பாலும் ஏர் ஃபில்டர், பிளக், சென்சார் அளவில் முடிந்துவிடும் வேலை.

பெல்ட் அறுவதற்கு முன் சத்தம் தராது

மாருதி 800, பழைய ஆல்டோ, பழைய வேகன்-ஆர், சான்ட்ரோ எல்லாவற்றிலும் இன்ஜினின் மேல்பாகத்தையும் கீழ்பாகத்தையும் சேர்த்து ஓட்டுவது ஒரு ரப்பர் டைமிங் பெல்ட். 2010 வாக்கில் வந்த மாருதியின் கே-சீரிஸ் இன்ஜின்களில் இது செயினாக மாறியது. பெல்ட் இருக்கும் வண்டியை வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடைசியாக இதை எப்போது மாற்றினீர்கள் என்பது. விற்பவருக்குத் தெரியவில்லையென்றால் மாற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு உடனே மாற்றிவிடுங்கள். கிலோமீட்டர் அதிகம் ஓடாத வண்டி என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. ரப்பருக்கு வயதும் ஒரு கணக்கு. பெல்ட்டும் டென்ஷனர் பேரிங்கும் கூலியும் சேர்த்து 2,500 முதல் 4,500 ரூபாய் ஆகும். செய்யாமல் விட்டு பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். அதுவும் ஹெட் இறக்கும் வேலைதான்.

ஆயில் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு, ஆயில் குறைந்துவிட்டது என்ற முன்னெச்சரிக்கை இல்லை. ஆயில் பிரஷரே போய்விட்டது என்று அது சொல்கிறது. விளக்கு எரிந்தபடி வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் பேரிங் உருகும். இந்தச் சின்ன இன்ஜின்களில் மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம் ஆயில்தான். மாதம் ஒரு தடவை டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. ஆயிலும் ஃபில்டரும் மாற்ற 1,500 முதல் 2,500 ரூபாய்.

மற்ற வேலைகளின் விலையை வேகமாகச் சொல்லிவிடலாம். கிளட்ச் செட் ஆல்டோவுக்கு கூலியோடு 4,500 – 6,500, சான்ட்ரோவுக்கு 5,000 – 8,000. பேட்டரி 3,500 – 5,000. முன் ஷாக் அப்ஸார்பர் ஜோடி 3,000 – 5,000. லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் புஷ் எல்லாம் ஆயிரம், இரண்டாயிரத்தில் முடியும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வரும் லொடலொட சத்தம் பெரும்பாலும் இந்த புஷ்களில்தான். ஏ.சி. கம்ப்ரஸர் போனால் புதிது 12,000-க்கு மேல். கேஸ் வருஷா வருஷம் குறைகிறது என்றால் மறுபடி மறுபடி கேஸ் அடிப்பதைவிட லீக் எங்கே என்று தேடச் சொல்வது மிச்சம். இந்த விலையெல்லாம் ஊர்ப் பட்டறையின் தோராயக் கணக்கு. கடைக்குக் கடை, சாமானின் தரத்தைப் பொறுத்து மாறும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கூடுதலாகும்.

சேமிக்கக் கூடாத இடம் பிரேக்கும் டயரும். பிரேக் ஷூ, பேடு, வீல் சிலிண்டர் கிட், பிரேக் ஆயில் எல்லாம் சேர்ந்தாலும் சில ஆயிரங்கள்தான். பட்டன் தேயவில்லை என்று எட்டு வருட டயரோடு நாற்கர சாலையில் நூறில் போகிறவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே பயமாக இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் தயாரித்த வாரமும் வருடமும் பொறித்திருக்கும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரம். வெயிலில் வெடிப்பது பெரும்பாலும் வயதான டயர்.

மரக்காணத்து உப்பு, மயிலத்து மழை

இந்த மாவட்டத்து வண்டிகளுக்கென்றே இரண்டு பகைகள் உண்டு. ஒன்று, கடற்கரை. மரக்காணம் உப்பளப் பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமும் நிற்கும் கார்களை உப்புக்காற்று அடியிலிருந்து அரிக்கிறது. மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து விற்பனைக்கு நிறுத்தியிருப்பார்கள். கார்பெட்டைத் தூக்கிவிட்டுத் தரைத் தகட்டை விரலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்காமல் மொத்தென்று கேட்டால் கீழே துரு. ஜாக்கி வைக்கும் இடம், பின் சஸ்பென்ஷன் மாட்டும் இடம், டிக்கியின் மூலைகள் ஆகிய மூன்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. தரையில் ஓட்டை விழுந்தால் தகடு வைத்து வெல்ட் அடிக்கலாம். சஸ்பென்ஷன் மாட்டும் இடமே அரித்துப்போன வண்டியை விட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது, வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்து, அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடி, சென்னை – திருச்சி போக்குவரத்து நின்றது. வாசலில் நின்ற கார்கள் எத்தனையோ மூழ்கின.

மூழ்கிய காரைச் செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் அதற்குச் செய்யும் மிகப் பெரிய கெடுதல். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் காற்றைப்போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் மோதும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி, வண்டியைக் கட்டியிழுத்துப் போய், பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஃபில்டர்களை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இவ்வளவுக்கும் ஐயாயிரத்துக்குப் பக்கத்தில் ஆகும். அவசரப்பட்டு ஒரு தடவை சாவியைத் திருகினால் முழு இன்ஜின் வேலை. பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலானோர் எடுத்து வைத்திருப்பது தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான். வெள்ளத்தில் போன சொந்த வண்டிக்கு அதில் ஒரு பைசா வராது.

வெள்ளத்தில் நனைந்த வண்டிகளைக் கழுவித் துடைத்து செகண்ட் ஹேண்ட் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துடைத்திருப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழம் வரை யாரும் கழுவுவதில்லை. அங்கே ஒரு மண் கோடு தெரியும். ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் வண்டல் இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, உள்ளே புழுங்கல் வாடை இரண்டும் கூடச் சாட்சி சொல்லும்.

பெட்ரோல், பேப்பர், பட்டறை

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய வண்டிகளின் பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் ரப்பர், கேஸ்கட்டுகள் இதற்காகச் செய்தவை இல்லை. 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று 2025-ல் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. செலவு குறைவு என்றும் சொன்னது. செலவு குறைவுதான். ஆனால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகுவது தீ விஷயம். ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் லைனைப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்திவைக்கும் வண்டியில் டாங்கின் அடியில் தண்ணீர் சேரும் வாய்ப்பும் கூடும்.

பேப்பர் விஷயமும் செலவுக் கணக்கில் சேரும். சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்து, அப்புறம் ஐந்தைந்து வருடத்துக்கு நீட்டிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ஆக உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. எஃப்.சி.க்குப் போகுமுன் லைட், பிரேக், டயர், புகை எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதால் அந்த மாதம் இன்னொரு ஐந்தாயிரம் பட்டறைக்குப் போகும். டெல்லியில் பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்று போட்ட தடையைக் கேட்டுவிட்டு இங்கே பயந்து அடிமாட்டு விலைக்கு வண்டியை விற்றவர்கள் உண்டு. அந்தத் தடை தமிழ்நாட்டில் இல்லை.

விலை சல்லிசாக இருக்கிறதென்று பி.ஒய்-01 எண் வண்டி வாங்குகிறவர்கள், தடையில்லாச் சான்றிதழ், இங்கே கட்ட வேண்டிய சாலை வரி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வேறு மாநில, யூனியன் பிரதேச வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் எண்ணை மாற்றியாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம்.

பட்டறைக்குப் போகும்போது, “அண்ணே, என்ன மாத்தணுமோ மாத்திடுங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருவது நம் பழக்கம். நல்ல மெக்கானிக்குக்குக்கூட அது உதவாது. எப்போது சத்தம் வருகிறது, குளிரிலா சூட்டிலா, திருப்பும்போதா பிரேக் போடும்போதா என்று சொல்லுங்கள். முடிந்தால் கூட உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, கொடுக்கிறவருக்கும் கௌரவம்தான். பழுது எதுவும் இல்லாதபோது ஒரு மணி நேரம் வண்டியை முழுசாகப் பார்த்துச் சொல்லச் சொல்லி, அதற்கு 500 ரூபாய் கூலி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லவே இல்லை. சாமான் மாற்றினால்தான் காசு என்று நாமே ஆக்கிவைத்திருக்கிறோம். பார்த்துச் சொல்லும் அறிவுக்கும் கூலி கொடுக்கத் தொடங்கினால், மேலே சொன்ன 15,000 ரூபாய் பில்களில் பாதி வராது என்று நான் நம்புகிறேன்.

எப்போது விடுவது?

ரிங், பேரிங், வால்வு என்று முழு இன்ஜின் வேலை 30,000 முதல் 50,000 வரை போகும். வண்டியின் விலையே அறுபதாயிரம் என்கிறபோது இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாடியும் அடிப்பகுதியும் திடமாக இருந்து, வருடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் வீட்டுக்கு, இன்ஜின் வேலை செய்த சொந்த வண்டி இன்னும் ஏழெட்டு வருடம் உழைக்கும். அதே பணத்துக்கு முன்கதை தெரியாத இன்னொரு பழைய வண்டியை வாங்கினால், அதன் தள்ளிப்போட்ட பில்களையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அடித்தகடும் சஸ்பென்ஷன் மாட்டும் இடமும் அரித்துவிட்டால் மட்டும் யோசிக்க வேண்டாம். சாமான் வருவது நின்றுபோன வண்டியும் அப்படித்தான்: செவர்லே 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. அதன் ஸ்பார்க், பீட் வைத்திருப்பவர்கள் ஒரு சென்சாருக்காக வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

விடுவது என்று முடிவானால் வாசலில் வரும் காயலான் கடைக்காரரிடம் கிலோ கணக்கில் தள்ளிவிடாதீர்கள். பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்து அதற்கான சான்றிதழை வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். ரத்தாகும் வரை அந்த எண்ணில் எது நடந்தாலும் போலீஸ் முதலில் தட்டும் கதவு உங்களுடையது.